ஜன்னல்காரம்மா

எல்லோரும் பார்த்தே தீர வேண்டிய படம் என்று ஒன்று கிடையாது என்பான் பிரபாகர். "யாருக்குன்னு சொல்லு. அப்புறம் எந்தப் படம்னு நான் சொல்றேன்." எங்கள் திரைப்படக் கழகத்தில் ஆளாளுக்கு உலகின் சிறந்த நூறு படங்கள் என்று பட்டியல் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தபோது, அவன் மட்டும் ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு படத்துக்கு எதிரேயும் ஒரு ஆளின் பெயரை எழுதி வைத்திருந்தான்.

படங்களின் உண்மையான பெயர்களையும் அவன் எழுதமாட்டான். "எங்கம்மா விக்கிற மீனுக்கு புக்குல ஒரு பேரு கீது. அந்தப் பேரச் சொல்லிக் கேட்டுப் பாரு, ஒரு மீன்கூட உன் பைல விழாது" என்று சொல்லி, அவனே பெயர் வைப்பான். எருமை ஆஸ்பத்திரி. பாலம் கட்டாத ஊரு. பல்லுவலிக்காரன். எருமை ஆஸ்பத்திரிக்கு எதிரே 'மதி அண்ணனுக்கு. இதைப் பாத்தாவது சிரிக்கட்டும்' என்று இருக்கும். பல்லுவலிக்காரனுக்கு எதிரே 'நிலாவுக்கு. கொஞ்ச நேரம் தரையில நடக்க.'

நிலா நான்தான். முழுப்பெயர் தமிழ்நிலா. மேற்கு மாம்பலத்தில் வீடு. கிண்டி தொழிற்பேட்டையில் மருந்துப் பெட்டிகளின் மேல் அச்சாகும் வாசகங்களில் எழுத்துப்பிழை பார்க்கும் வேலை. ரயிலில் மொழிபெயர்ப்பு நாவல் படித்துக்கொண்டே போய், கிண்டியில் இறங்க மறந்து பரங்கிமலையில் விழித்துக்கொண்ட நாட்கள் உண்டு. அதற்காகத்தான் அவன் தரையில் நடக்கச் சொன்னான்.

போன டிசம்பரில் அவன் கடலுக்குப் போனான். அவனுடைய தொழில் அது இல்லை. விஸ்காம் படித்தவன், கல்யாண வீடியோ எடிட் செய்துகொண்டிருந்தான். அன்று மாமாவின் பைபர் படகில் ஒரு ஆள் குறைந்தது. கூடப் போனான். காற்றில் படகு கவிழ்ந்தது. மாமாவையும் இன்னொருவரையும் காசிமேட்டு விசைப்படகு ஒன்று தூக்கி வந்தது. பிரபாகர் கிடைக்கவில்லை. எட்டு நாள் தேடினார்கள். உடலும் கிடைக்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவனுடைய அம்மா எங்கள் கழகத்துக்கு வந்தார்.

கழகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மதிவாணன் அண்ணன் நடத்தும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடி அறை. ஞாயிறு மதியம் மெஷின்களுக்கு உறை போட்டு ஓரமாக நகர்த்திவிட்டு, சுவரில் ஒரு வெள்ளைத் துணி கட்டி, புரொஜெக்டரில் படம் போடுவோம். பத்துப் பேர் வந்தால் கூட்டம். எல்லாம் வெளிநாட்டுப் பழைய படங்கள், கீழே ஆங்கில எழுத்து ஓடும்.

அன்று படம் தொடங்கப்போகும் நேரத்தில் கதவருகே ஒரு பெண் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். குளித்து, பவுடர் பூசி, தலை நிறைய கனகாம்பரம் வைத்து, கோயிலுக்குப் போகிறவர்போல வந்திருந்தார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை.

"இங்கதான எம்புள்ள படம் காட்டிக்கினு இருந்தான்?"

மதி அண்ணன் எழுந்தார். நாங்களும் எழுந்தோம்.

"நான் அந்தோணியம்மா. பிரபாகரு அம்மா. இன்னாத்துக்கு எல்லாம் எந்திரிக்கிறீங்க, நான் இன்னா கலெக்டரா? உக்காருங்க. அவன் பாத்த படத்தையெல்லாம் நானும் பாக்கணும். அவ்ளோதான்."

மதி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் நகர்ந்து இடம் விட்டேன். அப்படித்தான் அவர் என் பக்கத்தில் கடைசி பெஞ்சில், ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழ் படிப்பார், ஆனால் எழுத்துக் கூட்டித்தான். சாந்தோமில் ஐந்தாவது வரை படித்தவர். ஐந்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் முழங்கையை இடித்தார். "இன்னா பேசிக்கிறானுங்க?" நான் குனிந்து அவர் காதில் சொன்னேன். அடுத்த வரியையும் சொன்னேன். அப்படியே அது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் நான் அவர் காதில் தமிழ் பேசினேன். அதற்காக முன்கூட்டியே மதி அண்ணனிடம் படத்தை வாங்கி வீட்டில் ஒருமுறை பார்த்து வைப்பேன். நாவல்களில் மொழிபெயர்ப்பாளரின் முன்னுரையை முதலில் படிக்கிறவள் நான். அவர்களைப்போல நானும் ஒன்று செய்கிறேன் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்தோணியம்மாவும் சும்மா கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

"ஒரு டீ குடிக்க பத்து நிமிசமாம்மா? அந்த டீ ஆறி தண்ணியாயிருக்கும்."

"அவர் யோசிக்கிறார்மா."

"யோசிக்கட்டும், குடிச்சிட்டு யோசிக்கட்டும். பின்னாடி மழை வருது பாரு. கொடில துணி காயுது. இந்த ஊருல எவளுக்கும் பொறுப்பே கெடையாதா?"

முன் பெஞ்சிலிருந்து குலாம் முகம்மது திரும்பிச் சிரிப்பான். அவன் ராயப்பேட்டையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், படத்தை நிறுத்தி நிறுத்தி ஒளியமைப்பு பற்றிப் பேசுகிறவன். "அம்மா, இது உலகப் புகழ் பெற்ற ஷாட்டு."

"புகழ் வாங்குனா மட்டும் துணி காஞ்சிடுமா நைனா?"

எருமை ஆஸ்பத்திரியைப் பார்த்து அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும், "இதப் பாத்துட்டு அவன் சிரிச்சானா?" என்று கேட்டார். "விழுந்து விழுந்து சிரிச்சான்மா" என்றேன். "எந்த இடத்துல?" சொன்னேன். தலையாட்டினார். இப்படி ஒவ்வொரு படத்திலும் அவன் எங்கே சிரித்தான், எங்கே பேசாமல் இருந்தான் என்று கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டு போவார். போகும்போது ஜன்னல் மேடையில் ஒரு பொட்டலம் வைத்துவிட்டுப் போவார். பொரித்த நெத்திலி இருக்கும், இல்லையென்றால் சுறாப்புட்டு.

பிரபாகரின் நோட்டு இன்ஸ்டிட்யூட்டின் மேஜை டிராயரில்தான் இருந்தது. ஏப்ரலில் ஒருநாள் அவர் அதை எடுத்துத் தரச் சொன்னார். பெஞ்சில் விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக விரலை நகர்த்திப் படித்தார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அந்த வரியைக் கண்டுபிடிக்காமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஜ... ன்... னல்... கா... ரம்மா. அம்மா... வுக்கு." விரல் நின்றது. "கடைசி... வசனத்... துக்காக."

நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்குன்னு ஒண்ணு வெச்சிக்கீறான். நீ ஏன் சொல்லல?"

நோட்டு முழுவதிலும் அவர் பெயர் அந்த ஒரே இடத்தில்தான் இருந்தது. நான் ஏன் சொல்லவில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? அது ஒரு குளிர் நாட்டுப் படம். கறுப்பு வெள்ளை. கடலோரத்தில் ஒரு வீடு, ஒரு தாய், ஒரு தகப்பன், ஒரு மகள். மகன் படகில் போயிருக்கிறான். தாய் ஒவ்வொரு இரவும் ஜன்னலைத் திறந்து வைத்து, அதில் ஒரு விளக்கையும் வைக்கிறாள். பனிக்காற்று உள்ளே வருகிறது. மகள் மூலையில் போர்வைக்குள் இருமிக்கொண்டு கிடக்கிறாள். தொண்ணூறு நிமிடமும் இதுதான். கடைசியில் திரை முழுக்க இருட்டாகிறது. இருட்டில் தாய் தகப்பனிடம் சொல்லும் குரல் மட்டும் வருகிறது. 'அவன் வரமாட்டான். ஜன்னலைச் சாத்து. இவளுக்குக் குளிர்கிறது.' பிறகு ஜன்னல் சாத்தும் சத்தம். படம் முடிந்தது.

"அடுத்த வாரம் இதத்தான் போடணும்" என்றார் அந்தோணியம்மா.

போட்டோம்.

அன்று அவர் ஒரு வார்த்தை கிண்டல் பேசவில்லை. விளக்கை ஏற்றும் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை, "நானும் இப்டித்தான். எப்பவாச்சும் போட்டுல போயிருக்கான்னா கதவாண்டயே குந்திக்கினு இருப்பேன். அதுக்குத்தான் வெச்சிக்கீறான், திருட்டுப் பய" என்று மட்டும் சொன்னார். கடைசிப் பத்து நிமிடம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். மீன் அரிந்து அரிந்து காய்த்துப்போன கை.

திரை இருண்டது. குரல் வந்தது. கீழே ஆங்கில எழுத்து வந்தது.

"இன்னா சொல்றா? பாப்பா, இன்னா சொல்றா?"

முந்தின இரண்டு இரவும் அந்த வரியை நான் தமிழில் எழுதி எழுதிப் பார்த்திருந்தேன். 'இனி வரமாட்டான்' என்றா, 'வரமாட்டான்' என்றா என்றுகூட யோசித்திருந்தேன். அந்தக் கை என் மணிக்கட்டில் இறுகியதும் வேறு ஒன்று வந்தது.

"அவன் வருவான். ஜன்னலைச் சாத்தாதே."

டக் என்று சத்தம் கேட்டது.

"அது இன்னா சத்தம்?"

"காத்தும்மா."

அவர் கையை எடுத்துக்கொண்டு சிலுவைக்குறி போட்டார். அழுதார். ஆனால் அது வேறு அழுகை. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் முத்தமிட்டார். "எம்புள்ள சொல்லிட்டுத்தான் போயிக்கீறான். நான்தான் காதுல வாங்காம இருந்துட்டேன்." பொட்டலத்தை வைக்க மறந்து படியிறங்கிப் போனார்.

மதி அண்ணன் துணியை அவிழ்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அவருக்குக் கேட்டிருந்தது. துணியை மடித்து வைத்தார். நானும் அன்று இரவு நன்றாகத் தூங்கினேன் என்பதை மறைக்கக் கூடாது. சில வரிகள் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு வரும்போது இளகி வருகின்றன என்று எங்கோ படித்ததை நினைத்துக்கொண்டேன். எங்கும் படிக்கவில்லை. நானே நினைத்துக்கொண்டதுதான்.

அதன்பின் கோடை முழுவதும் அந்தோணியம்மா உற்சாகமாக இருந்தார். லூப் ரோடு மீன் மார்க்கெட்டில் அவருக்கு ஒரு கடை. ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது வாங்க வந்தவர்களிடம், "இது எம்புள்ள கூட்டாளி, எனக்கு இங்கிலீஸ் படமெல்லாம் சொல்லித் தர்ற பொண்ணு" என்று அறிமுகப்படுத்தினார். பங்குச் சாமியாரும் உறவுக்காரர்களும் பிரபாகருக்காக இறந்தோர் பூசை வைக்கலாமா என்று கேட்டு வந்ததாகவும், அவர்களை விரட்டிவிட்டதாகவும் சொன்னார். "உயிரோட கீற புள்ளைக்கு இன்னாத்துக்கு பூசை?" அதைக் கேட்டபோதும் நான் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பரில் ஒரு மாலை. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுப் பக்கம் திரும்பும்போது, ரங்கநாதன் தெருப் பக்கத்துப் படியிலிருந்து ஒரு பெண் ஓடி வந்து வழியை மறித்தாள். இருபது வயது இருக்கும். தி.நகர் துணிக்கடை ஒன்றின் சீருடைப் புடவை. பிரபாகரின் மூக்கு.

"நீங்கதான நிலாக்கா? நான் மேகலா. பிரபா தங்கச்சி. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டு போயிடறேன்."

"சொல்லு மேகலா."

"அந்த ஜன்னல் படத்துல, அந்தம்மா கடைசில இன்னா சொல்லுது?"

படியில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள்.

"எங்கம்மா சொல்லுது, சாத்தாதேன்னு சொல்லிச்சாம். எங்கண்ணன் எனக்கு அந்தக் கதைய நாலு வாட்டி சொல்லிக்கீறான்க்கா. அதுல இருமிக்கினே ஒரு பொண்ணு வருவா. எனக்கு சின்னதுலேந்து வீசிங். நான் இருமுனா, 'ஏய், ஜன்னல்காரம்மா பொண்ணு'ன்னு கூப்புடுவான். கடைசில அவளுக்கோசரம் சாத்திடுவாங்கன்னுதான் சொன்னான். அத அம்மாக்கு காட்டணும்னு சொல்லிக்கினே இருந்தான்."

"நீ அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். பொறாமைல சொல்றேங்குது. உங்கண்ணன் எனக்கு விட்ட சேதிய நீ மாத்துறியான்னு கேக்குது." அவள் இருமினாள். "ஏப்ரல்லேந்து கதவ சாத்தலக்கா நாங்க. சீனிவாசபுரம் ஹவுசிங் போர்டு வீடு, கீழ் வீடு. ஒரே ரூமு. ரோட்டுல போற நாயி உள்ள வருது. மழ உள்ள வருது. போன வாரம் ஒருத்தன் ஃபுல் போதைல உள்ள வந்து என் கால்மாட்டுல படுத்துக்கினு கீறான். எங்கம்மா இன்னா பண்ணிச்சு தெரியுமா? எந்திரிச்சு, 'பிரபா, வந்துட்டியா'ன்னு லைட்ட போட்டுச்சு."

நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்போ மீன் வெட்டுற கத்திய வெச்சிக்கினு நான் முழிச்சிக்கினு கீறேன். காலைல ஒம்பது மணிக்கு கடைல நிக்கணும். பதினோரு மணி நேரம். உக்காரக் கூடாது. சொல்லுங்கக்கா. அந்தம்மா இன்னா சொல்லுது?"

"அவன் வரமாட்டான். ஜன்னலைச் சாத்து. இவளுக்குக் குளிர்கிறது."

மேகலா என்னைப் பார்த்தாள். நான் திட்டை எதிர்பார்த்தேன். "இவளுக்குன்னு கீதா?" என்றாள். "இவளுக்குன்னே சொல்லுதா?"

"ஆமா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நான் படித்த நாவல்களில் கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். அவர்களை நினைத்து நான் எத்தனையோ முறை அழுதிருக்கிறேன். அந்தக் கதவருகில் யார் படுத்துத் தூங்கினார்கள் என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை.

"நானே வந்து அம்மாகிட்ட சொல்லிடறேன்" என்றேன்.

"நம்பாது. நான் உங்கள இழுத்துக்கினு வந்தேங்கும். எழுத்துல காட்டுங்க. எழுத்துல இருந்தா நம்பும். செபப் புத்தகம் தெனமும் கூட்டிக் கூட்டிப் படிக்குது இல்ல?"

அப்படித்தான் நான் அந்தப் படத்துக்குத் தமிழ் எழுத்துப் போட உட்கார்ந்தேன். குலாம் அவன் கடைக் கணினியில் எப்படிச் செய்வது என்று காட்டிக் கொடுத்தான். வரியைத் தட்டி, அது திரையில் எந்த நொடியில் வரவேண்டும், எந்த நொடியில் மறையவேண்டும் என்று குறிக்க வேண்டும். மொத்தம் நூற்றுப் பதினோரு வரி. குறைவாகப் பேசும் படம். சாதாரணமாக ஒரு வரி இரண்டு மூன்று நொடி நிற்கும். நான் எல்லாவற்றையும் ஆறு நொடியாக்கினேன். அவர் விரல் நகரும் வேகம் எனக்குத் தெரியும்.

"இன்னா மச்சி இது" என்றான் குலாம். "அவன் வாய மூடி, கோட்ட மாட்டி, வெளியவே போயிட்டான். வசனம் இன்னும் நின்னுக்கினு கீது."

"நிக்கட்டும்."

கடைசி வரியை மூன்று நாள் தட்டாமல் வைத்திருந்தேன். மருந்துப் பெட்டியில் ஒரு எழுத்து மாறினால் என்ன ஆகும் என்று எங்கள் அலுவலகத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் வகுப்பு எடுப்பேன்.

அக்டோபர் மூன்றாம் ஞாயிறு. மதி அண்ணன் மற்றவர்களை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார். அறையில் அவரும் நானும் மேகலாவும் அந்தோணியம்மாவும் மட்டும். வெளியே தூறிக்கொண்டிருந்தது.

"மறுபடியும் என் படமா?" அந்தோணியம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "இவளையும் இட்டாந்துட்டேன். தூங்கி வழியறா பாரு. படம் பாத்தாவது புத்தி வரட்டும்."

"இந்த வாட்டி தமிழ்லயே எழுத்து வரும்மா. நீங்களே படிக்கலாம்."

"அட! அப்போ நீ இன்னா பண்ணுவ? வாய்க்கு பூட்டா?"

முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். சத்தமாகவே படித்தார். 'க... டல்... அமை... தியாக... இருக்கிறது.' படித்து முடித்ததும் எழுத்து மறைந்தது. என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், பரீட்சையில் தேறிய பிள்ளைபோல. மேகலா ஒருமுறை இருமினாள். திரையில் இருந்த பெண்ணும் இருமினாள். அந்தோணியம்மா திரும்பி மகளைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார்.

இருட்டு வந்தது. குரல் வந்தது. எழுத்து வந்தது.

"அவன்..." என்றார். "வர... மா..."

நின்றுவிட்டார். ஆறு நொடி போனது. எழுத்து மறைந்தது.

டக்.

"நிறுத்து" என்றார். "திரும்பப் போடு."

மதி அண்ணன் பின்னால் ஓட்டி, அந்த வரி திரையில் இருக்கும்போது நிறுத்தினார். இருட்டுத் திரையில் அந்த வெள்ளை எழுத்து மட்டும் நின்றது. அந்தோணியம்மா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். புரொஜெக்டர் வெளிச்சத்தில் எழுத்துகள் அவர் புடவை மேலும் விழுந்தன. துணியில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திப் படித்தார். இந்த முறை சத்தமில்லாமல். உதடு மட்டும் அசைந்தது. 'இவளுக்கு' என்ற இடத்தில் விரல் வெகுநேரம் நின்றது.

"மிச்சத்தையும் போடு."

டக்.

"காத்து இல்ல" என்றார்.

அவர் என்னிடம் வந்தார். கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முகத்தில் எதுவுமே இல்லை.

"அம்மா, நீங்க தாங்கமாட்டீங்கன்னு..."

"நான் தாங்குவனா மாட்டனான்னு பாக்க நீ யாரு? முப்பது வருசமா கடல பாத்துக்கினு கீறேன் நான்." குரலை உயர்த்தவே இல்லை. "எம்புள்ள எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றதுக்கு வெச்சிருந்தான். அத நீ எடுத்துக்கினு, உன்னுத குடுத்துட்ட. ஆறு மாசம் உன்னுத வெச்சிக்கினு குந்தினு இருந்தேன் நான்."

மேகலா, "அம்மா, விடும்மா" என்றாள்.

அவர் மகளைப் பார்த்தார். வெகுநாள் கழித்து ஊரிலிருந்து வந்தவளைப் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு முந்தானையை அவள் தலையில் போட்டு மூடி, "தூறுது, வா" என்று அழைத்துக்கொண்டு இறங்கினார். படியில் அவர் அழத் தொடங்கும் சத்தம் கேட்டது. ஏப்ரலில் கேட்டது அல்ல. பத்து மாதமாக உள்ளே வைத்திருந்தது. தெரு திரும்பும்வரை கேட்டது.

அன்று மேகலாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'கதவு சாத்தியாச்சு.' அவ்வளவுதான். நான் பதில் தட்டித் தட்டி அழித்தேன்.

கல்லறைத் திருநாளன்று பிரபாகருக்குப் பூசை வைத்தார்கள். கோயிலில் கடைசி வரிசையில் நின்றேன். சாமியார் பிரபாகர் என்று முழுப் பெயரை வாசித்தபோது, அவன் எப்போதாவது இந்தப் பெயரைத் தானே சொல்லிக் கேட்டிருக்கிறேனா என்று யோசித்தேன். 'நான் பிரபா' என்றுதான் சொல்வான். மற்றவர்கள் மெழுகுவத்தியோடு கல்லறைகளுக்குப் போனார்கள். இவர்களுக்குப் போக இடமில்லை. அந்தோணியம்மாவும் மேகலாவும் கடற்கரை மணலில் இறங்கி, ஒரு மெழுகுவத்தியை ஏற்றினார்கள். காற்றில் அணைந்தது. மேகலா கையால் மறைத்துக்கொள்ள, மறுபடி ஏற்றினார்கள். மறுபடி அணைந்தது. மூன்றாவது முறை ஏற்றாமல், அதை அப்படியே மணலில் நட்டுவிட்டு எழுந்தார்கள். மேகலா என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். அந்தோணியம்மா திரும்பவில்லை.

பிறகு நான்கு ஞாயிறுகள் அவர் வரவில்லை. கடைசி பெஞ்சில் அவர் இடத்தில் யாரும் உட்காரவும் இல்லை. நான் மட்டும் ஒவ்வொரு வாரமும் பிரபாகரின் நோட்டிலிருந்து ஒரு படத்துக்குத் தமிழ் எழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆறு நொடிக் கணக்கு. குலாம் முகம்மது புலம்புவதை நிறுத்திவிட்டான்.

டிசம்பர் முதல் ஞாயிறு, பாலம் கட்டாத ஊரு போட்டிருந்தோம். அதற்கு எதிரே நோட்டில் யார் பெயரும் இல்லை. வெறும் கோடு போட்டு விட்டிருந்தான், பிறகு எழுதலாம் என்று நினைத்திருப்பான். விளக்கை அணைக்கும் நேரத்தில் அந்தோணியம்மா உள்ளே வந்தார். பூ வைக்கவில்லை. நேரே முதல் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார். நான் எழுந்து பாதி தூரம் போய்விட்டேன்.

அவர் கையை உயர்த்தினார்.

"நீ பேசாத. நான் படிச்சிக்கிறேன்."

திரும்பி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

படம் ஓடியது. ஆற்றங்கரையில் இரண்டு கிழவர்கள், அக்கரையிலிருக்கும் வீடுகளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேசி முடித்தபின்பும் வசனம் நின்றது. அந்தோணியம்மாவின் தலை இடமிருந்து வலமாக மெதுவாக நகர்வது பின்னாலிருந்து தெரிந்தது. துணி காய்வதைப் பற்றியோ டீ ஆறுவதைப் பற்றியோ அவர் ஒன்றும் சொல்லவில்லை. நடுவில் ஓரிடத்தில் ஒரு கிழவர் நீளமாகப் பேசுகிறார். அந்த வரியை நான் இரண்டாக வெட்டியிருக்க வேண்டும். வெட்டாமல் விட்டிருந்தேன். அவர் பாதி தூரம்கூடப் போவதற்குள் எழுத்து மறைந்துவிட்டது.

அவர் தலை அப்படியே நின்றது. கொஞ்சம் பக்கவாட்டில் சாய்ந்தது, முன்பெல்லாம் என் வாய்ப் பக்கம் காதைக் கொண்டு வருவதுபோல. பக்கத்தில் யாரும் இல்லை. மறுபடி நிமிர்ந்துகொண்டார்.

அந்த வரி எனக்கு மனப்பாடம். நான் பேசவில்லை.